பூட்டி வச்ச புல்லட்டை வெளியில எடுங்க!

அப்பா ஓட்டின புல்லட், சித்தப்பா காலேஜ் போன ஆர்.எக்ஸ்.100, தாத்தாவோட ராஜ்தூத். இப்படி ஏதாவது ஒரு வண்டி இன்னைக்கும் நிறைய வீட்ல போர்ட்டிகோ ஓரமா பழைய பெட்ஷீட் போர்த்தி நிக்குது. விக்கச் சொன்னா வீடே சண்டைக்கு வரும். ஓட்டச் சொன்னா யாருக்கும் நேரம் இல்ல. "அது அப்பா ஞாபகம், இருக்கட்டும்"னு சொல்லிட்டுக் கடந்து போயிடுறோம். அக்கா ஒண்ணு சொல்றேன் கேளுங்க. ஓடித் தேஞ்ச வண்டியைச் சரி பண்ணிடலாம். நின்னே கெட்டுப்போன வண்டியைச் சரி பண்றதுதான் பெரும்பாடு. ஆயில் சீல் காஞ்சு போகும், கார்புரேட்டர் அடைச்சுக்கும், டேங்க் உள்ள துருப்பிடிக்கும், பேட்டரி உயிரை விட்டுடும். பிரியம் இருக்கிறவங்க முதல்ல செய்யவேண்டியது அந்தப் போர்வையை எடுக்கிறதுதான்.

எங்க வீட்ல இருக்கிறது அப்பா வாங்கின பழைய புல்லட் 350. இப்ப நான் ஓட்டுறேன். அதனால அதை வச்சே பேசறேன். மத்த வண்டிக்காரங்களுக்கும் இதுல பாதிக்கு மேல பொருந்தும்.

இந்த வண்டி நம்ம ஊர்ப் பிள்ளை. 1955-ல மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனி, இங்கிலாந்து ரெட்டிச்சுல இருந்த ராயல் என்ஃபீல்டோட சேர்ந்து தொழில் தொடங்கி, திருவொற்றியூர்ல தொழிற்சாலை போட்டாங்க. 1970 வாக்குல இங்கிலாந்துல கம்பெனியே மூடிப்போச்சு. திருவொற்றியூர்ல மட்டும் நிக்காம ஓடிச்சு. 346 சி.சி., 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக். அந்த நீளமான ஸ்ட்ரோக்காலதான் இன்ஜின் நிதானமா, ஒவ்வொரு அடியும் தனித்தனியா காதுல விழுற மாதிரி துடிக்குது. வார்ப்பிரும்பு இன்ஜின் போட்ட பழைய புல்லட் 2010 வாக்குல நின்னுபோச்சு. உங்க வீட்ல அது இருந்தா, அதே மாதிரி இன்னொண்ணு இனிமே ஷோரூம்ல கிடைக்காது.

வாரத்துக்கு ஒரு நாள் ரோட்டுக்கு

"தினமும் ரெண்டு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி ஆஃப் பண்ணிடறேன்க்கா"னு நிறைய தம்பிங்க சொல்றாங்க. அதைச் செய்யாதீங்க. ரெண்டு நிமிஷத்துல இன்ஜின் சூடாகாது. எரியறப்போ உண்டாகிற ஈரம் ஆவியாகி வெளியே போகாம ஆயில்லயும் சைலன்சர்லயும் தங்கிடும். பேட்டரியும் சார்ஜ் ஆகாது. அதுக்குப் பதிலா வாரம் ஒரு தடவை 10, 15 கிலோமீட்டர் ஓட்டுங்க. காய்கறி வாங்கப் போங்க, கோயிலுக்குப் போங்க. வேலை ஏதாவது கொடுங்க வண்டிக்கு.

ஊருக்குப் போறீங்க, ஒரு மாசத்துக்கு மேல வண்டி நிக்கும்னா பெட்ரோல் டேப்பை மூடிட்டு, இன்ஜின் தானா நிக்கிற வரைக்கும் ஓடவிடுங்க. கார்புரேட்டர் காலியாகிடும். இப்ப நம்ம பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். எத்தனால் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். பழைய வண்டிங்களோட ரப்பர் ட்யூபும் வாஷரும் அதுக்குன்னு செஞ்சது இல்ல. பெட்ரோல் ட்யூபை வளைச்சுப் பாருங்க. வெடிப்பு தெரிஞ்சா உடனே மாத்திடுங்க. சின்னச் செலவுதான், ஆனா சூடான இன்ஜின் மேல பெட்ரோல் சொட்டறது விளையாட்டு இல்ல. மூணு மாசத்துக்கு மேல வெளிநாடு போறவங்க டேங்க்கையே காலி பண்ணிட்டுப் போங்க. வண்டியைச் சென்டர் ஸ்டாண்ட்ல நிறுத்துங்க, பேட்டரி ஒயரைக் கழட்டி வைங்க. கடற்கரைப் பக்கம் வீடுன்னா பிளாஸ்டிக் கவர் போட்டு மூடாதீங்க. உள்ள வேர்த்து ரிம்மும் கம்பியும் துருப்பிடிக்கும். பருத்தித் துணி போதும்.

தங்கச்சிகளுக்கு: கிக்கர் பயம் வேண்டாம்

"உன்னால அதை உதைக்க முடியாதும்மா"ன்னு எத்தனை பேர் சொல்லியிருப்பாங்க! பழைய புல்லட்டை உடம்பு பலத்தால யாரும் ஸ்டார்ட் பண்றது இல்ல. வேகமா உதைக்கிற ஆம்பளைங்களைத்தான் அது திருப்பி அடிக்கும். முறை தெரிஞ்சா நாப்பத்தஞ்சு கிலோ பொண்ணுக்கும் அது ஸ்டார்ட் ஆகும்.

சென்டர் ஸ்டாண்ட் போடுங்க. பின்சக்கரத்தைக் கையால சுத்தி நியூட்ரலான்னு பாருங்க. பெட்ரோல் டேப் திறங்க. இன்ஜின் குளிர்ந்திருந்தா சோக் போடுங்க. சாவியைத் திருப்பிட்டு ஹெட்லைட்டுக்கு மேல இருக்கிற ஆம்ப் மீட்டரைப் பாருங்க. கிக்கரை மெதுவா அமுக்குங்க, உதைக்க வேண்டாம். அமுக்க அமுக்க முள்ளு மைனஸ் பக்கம் போகும், திரும்ப நடுவுக்கு வரும். ஒரு இடத்துல கிக்கர் இறுகி, இதுக்கு மேல இறங்க மாட்டேன்னு நிக்கும். முள்ளும் நடுவுல நிக்கும். பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சிக்கு வந்தாச்சு. இப்ப இடது கைப்பிடிகிட்ட இருக்கிற சின்ன டீகம்ப்ரஷர் லிவரைப் பிடிங்க. கிக்கர் லேசாகும். ஒரு விரக்கடை மட்டும் இறக்கிட்டு லிவரை விட்டுடுங்க. கிக்கரை மேல வரவிடுங்க. இப்ப ஆக்ஸிலரேட்டரைத் திருகாம, ஒரே மிதி, அடிவரைக்கும். பாதியில காலைத் தூக்கினாத்தான் திருப்பி அடிக்கும்.

ஷூ போடாம இதைப் பழகாதீங்க. சரியான இடத்தைக் கண்டுபிடிச்சும் நாலு மிதிக்கு மேல ஆகுதுன்னா கோளாறு உங்க கால்ல இல்ல. பிளக்கோ, பாயிண்டோ, டைமிங்கோ பார்க்கணும்.

இன்னொண்ணு. பழைய புல்லட்டுக்கு கியர் வலது கால்ல, பிரேக் இடது கால்ல. முதல் கியர் மேல, மத்த மூணும் கீழ. இப்ப இருக்கிற வண்டி எதை ஓட்டிப் பழகினவங்களுக்கும் அவசரத்துல கால் தப்பும். "ஒரு ரவுண்டு போயிட்டு வரேன்"னு கேட்கிற யாருக்கும், அது மாமா பையனாவே இருந்தாலும், காலி மைதானத்துல பழக்கிக் காட்டாம சாவி கொடுக்காதீங்க. டிரம் பிரேக் வேற, டிஸ்க் பிரேக் வண்டி நிக்கிற தூரத்துல இது நிக்காது.

ஆயில் விஷயத்துல ஏமாறாதீங்க

"ஆயில் சொட்டினாத்தான் புல்லட்"னு பெருமையா சொல்றவங்க பேச்சை ஏத்துக்காதீங்க. நல்லா பூட்டின இன்ஜின் தரையை நனைக்காது. சொட்டுதுன்னா முதல்ல பிரீதர் ட்யூப் அடைச்சிருக்கான்னு பாருங்க. அடைச்சிருந்தா உள்ள அழுத்தம் ஏறி, கிடைச்ச இடுக்குல எல்லாம் ஆயிலைத் தள்ளும். அப்புறம்தான் கேஸ்கெட், சீல்.

ரொம்ப நாள் நின்ன வண்டியில டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தா ஆயில் குறைஞ்ச மாதிரி தெரியும். பதறிப்போய் ஊத்தாதீங்க. ஆயில் தன்னோட அறையில இருந்து மெதுவா கிராங்க் பக்கம் இறங்கியிருக்கும். ஸ்டார்ட் பண்ணின உடனே கொஞ்சம் புகையும் வரும். சில நிமிஷம் ஓடவிட்டு, நிறுத்தி, கொஞ்சம் பொறுத்து அளந்தாத்தான் உண்மையான அளவு. பார்க்காம ஊத்தினா அளவு மிஞ்சி, அந்த மிச்சம்தான் பிரீதர் வழியா வெளியில கொட்டும். 20டபிள்யூ50 ஆயில் போடுங்க. அதிகம் ஓட்டலைன்னாலும் வருஷத்துக்கு ஒரு தடவை மாத்திடுங்க. கிளட்ச் பக்கத்துக்கும் கியர்பாக்ஸுக்கும் தனித்தனியா ஆயில் உண்டுங்கிறதை நிறைய சர்வீஸ் ஆளுங்களே மறந்துடுறாங்க, நீங்க ஞாபகப்படுத்துங்க.

டேப்பட் சத்தம் வந்தா வீட்லயே பார்த்துக்கலாம். ராத்திரி முழுக்க ஆறின இன்ஜினா இருக்கணும். பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில இருக்கிறப்போ வலது பக்கம் இருக்கிற சின்ன மூடியைத் திறந்தா ரெண்டு புஷ் ராடு தெரியும். ரெண்டு விரலால சுத்தினா லகுவா சுத்தணும், மேலயும் கீழயும் ஆடக்கூடாது. அவ்வளவுதான் அளவு. ஒரு தடவை மெக்கானிக் பக்கத்துல உட்கார்ந்து பார்த்தா விரலுக்கே பழகிடும்.

மழைத் தண்ணி ஏறிட்டா

2015 டிசம்பர் வெள்ளத்துலயும் 2023 மிக்ஜாம் புயல்லயும் சென்னையில எத்தனை வண்டிங்க முழுகிச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். தண்ணி வடிஞ்ச மறுநாள் காலையில, ஸ்டார்ட் ஆகுதான்னு ஆசையில உதைச்சுப் பார்த்துதான் பல இன்ஜின் வீணாப் போச்சு. சிலிண்டருக்குள்ள தண்ணி இருந்தா பிஸ்டனால அதை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைஞ்சிடும்.

சாவியைத் தொடாதீங்க. முதல்ல பேட்டரி ஒயரைக் கழட்டுங்க. பிளக்கைக் கழட்டிட்டு கிக்கரை மெதுவா அமுக்குங்க, உள்ள இருக்கிற தண்ணி பிளக் ஓட்டை வழியா வந்துடும். அப்புறம் அந்த ஓட்டையில ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு இன்னும் நாலஞ்சு தடவை அமுக்குங்க, சிலிண்டர் துருப்பிடிக்காம இருக்கும். இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ் மூணு இடத்து ஆயிலையும் இறக்குங்க. டீயில பால் கலந்த நிறத்துல வந்தா தண்ணி கலந்திருக்கு. புது ஆயில் ஊத்தி கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அதையும் இறக்கிட்டு மறுபடி ஊத்தணும். டேங்க், கார்புரேட்டர், ஏர் ஃபில்டர், சைலன்சர் எல்லாத்தையும் காலி பண்ணிக் காயவைங்க. பிரேக் டிரம்மைத் திறந்து சேறு எடுங்க. வீல் பேரிங்குக்கு கிரீஸ் மாத்தணும். இவ்வளவும் ஆனதுக்கு அப்புறம்தான் சாவி. மழைக்காலத்துக்கு முன்னாடியே, தாழ்வான தெருவுல இருக்கிறவங்க வண்டியை மேட்டுல இருக்கிற சொந்தக்காரங்க வீட்ல விட்டுட்டு வந்துடுங்க.

மெக்கானிக்கைப் பத்திரமா பார்த்துக்குங்க

பழைய இன்ஜினைக் காதால கேட்டே கோளாறு சொல்ற ஆளுங்க குறைஞ்சுக்கிட்டே வர்றாங்க. அவங்க பிள்ளைங்க வேற வேலைக்குப் போயாச்சு. உங்க ஏரியாவுல அப்படி ஒருத்தர் இருந்தா கூலியில பேரம் பேசாதீங்க. அவர் வேலை செய்யறப்போ கூடவே இருந்து பாருங்க. ஒரு நோட்டு வாங்கி எழுதுங்க: எந்த பிளக், எந்த ஜெட், பிஸ்டன் எத்தனாவது ஓவர்சைஸ், கடைசியா போர் பண்ணின தேதி, கிளட்ச் பிளேட் மாத்தின கிலோமீட்டர். அவர் கடையை மூடிட்டாலும் அந்த நோட்டைப் பார்த்து இன்னொருத்தர் வேலையைத் தொடரலாம்.

ஸ்பேர் தேடி புதுப்பேட்டை போறவங்களுக்கு ஒரு வார்த்தை. மட்கார்டு, லைட், சைடு பாக்ஸ் தாராளமா வாங்குங்க. ஆனா நம்பர் பொறிச்ச இன்ஜின் கேஸை, விலை எவ்வளவு கம்மின்னாலும், பில்லும் பேப்பரும் இல்லாம வாங்காதீங்க. அது யார் வண்டியோடதுன்னு உங்களுக்குத் தெரியாது. இன்ஜின் மாத்தினா ஆர்.சி.யிலயும் பதியணும். கலர் மாத்தினாலும் அப்படித்தான்.

தூரமா போறப்போ சைடு பாக்ஸ்ல ஒரு பிளக், பிளக் ஸ்பேனர், பாயிண்ட் செட், கண்டென்சர், செயின் லாக், ஃபியூஸ் இருக்கட்டும். கிளட்ச் கேபிள் மட்டும் பெட்டியில வேண்டாம். புது கேபிளை ஓடற கேபிள் பக்கத்துலயே சேர்த்துக் கட்டிவிட்டுடுங்க. அறுந்தா ரெண்டு முனையையும் மாட்டினா போதும், டேங்கைக் கழட்டவேண்டிய வேலை இல்ல.

பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி

டேங்க் ஓரத்துல தங்கக் கலர்ல ஒரு மெல்லிய கோடு போகும், கவனிச்சிருக்கீங்களா? அதை திருவொற்றியூர்ல கையாலயே, பிரஷ் பிடிச்சு, அளவுகோல் இல்லாம இழுத்தவங்க உண்டு. உத்துப் பார்த்தா வளைவுல கோடு ஒரு நூல் தடிச்சிருக்கும், முடியற இடத்துல மெலிஞ்சிருக்கும். அப்பா முழங்கால் உரசி உரசி அந்தக் கோடு ஒரு பக்கம் தேஞ்சிருக்கலாம். அதைச் சுரண்டிட்டு ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லி பெயிண்ட் கடையில ஆசை காட்டுவாங்க. துரு இல்லைன்னா விடுங்க. மென்மையான துணியில மெழுகு பாலிஷ் போதும். கிரீடம் வச்ச மாதிரி ஹெட்லைட்டுக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற குட்டி பைலட் லைட்டையும் கழட்டிடாதீங்க. சைலன்சரைக் கழட்டிட்டு ஊரையே எழுப்புற குழாய் மாட்டறது சட்டப்படியும் தப்பு, பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்கும் கொடுமை.

ராஜஸ்தான்ல பாலிக்கும் ஜோத்பூருக்கும் நடுவுல ஓம் பன்னா கோயில்ல ஒரு புல்லட்டையே கண்ணாடிக்குள்ள வச்சுக் கும்பிடுறாங்க. நமக்கு ஆயுத பூஜை இருக்கு. அன்னைக்கு சந்தனம் குங்குமத்தை பெயிண்ட் மேல அப்பாதீங்க, கறை இறங்கிடும். ஹேண்டில்லயும் நம்பர் பிளேட்லயும் வைங்க, சாயங்காலமே ஈரத்துணியால துடைச்சிடுங்க. கற்பூரத்தட்டை பெட்ரோல் டேப் பக்கம் கொண்டு போகாதீங்க. முன் வாசல்ல சுத்திட்டா சாமி ஏத்துக்கும்.

பேப்பர்: எல்லாரும் கோட்டை விடற இடம்

இதை ரெண்டு தடவை படிங்க. வண்டி மேல உயிரையே வச்சிருப்பாங்க, ஆர்.சி. செத்துப்போய் வருஷக்கணக்கா இருக்கும். முதல் பதிவு 15 வருஷம். அதுக்கு அப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். காலாவதி தேதிக்கு முந்தின 60 நாளுக்குள்ள படிவம் 25 கொடுத்து, வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல காட்டணும். 2022 ஏப்ரல்ல பைக் புதுப்பிப்புக் கட்டணம் 300 ரூபாயில இருந்து 1,000 ஆச்சு. 20 வயசு தாண்டின பைக்குக்கு 2025-ல 2,000 ஆக்கிட்டாங்க. தேதி தள்ளிப்போனா மாசாமாசம் அபராதம் தனி. பசுமை வரி, இன்ஷூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் கையில இருந்தாத்தான் வேலை நடக்கும்.

50 வயசு தாண்டின, மாத்தம் பண்ணாத வண்டியை 2021-ல வந்த விதிப்படி விண்டேஜ்னு பதியலாம். ஆனா அப்படிப் பதிஞ்சா தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சி, ஊர்வலம்னுதான் எடுக்கலாம். கட்டணமும் 20,000. ஓட்டணும்னு ஆசைப்படறவங்க சாதாரணப் பதிவையே தொடருங்க.

வண்டி அப்பா பேர்ல இருந்து, அப்பா நல்லா இருக்கிறப்பவே உங்களுக்குக் கொடுக்க நினைச்சா, படிவம் 29, 30-ல கையெழுத்து வாங்கி பேர் மாத்திக்குங்க. இல்லைன்னா ஆர்.சி.யில நாமினி பேராவது சேருங்க, 2021-ல இருந்து அந்த வசதி இருக்கு. கேட்க சங்கடமாத்தான் இருக்கும். அவர் போனதுக்கு அப்புறம் 30 நாளுக்குள்ள ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிச்சு, 3 மாசத்துக்குள்ள படிவம் 31 கொடுத்து, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, கூடப்பிறந்தவங்க ஆட்சேபணை இல்லைங்கிற கடிதம்னு அலையறதை விட இது சுலபம். அண்ணன் தம்பிக்குள்ள யாருக்கு வண்டிங்கிறதையும் அவர் வாயாலயே சொல்லவச்சிடுங்க. பணத்தால வராத மனஸ்தாபம் ஒரு புல்லட்டால வந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கேன்.

அப்பாவால ஓட்ட முடியாத நாள் வந்தா

சாவியைப் பிடுங்கி ஒளிச்சு வைக்காதீங்க. முட்டி வலிக்குது, கண்ணு சரியா தெரியலைன்னு அவருக்கே தெரியும். ஸ்டார்ட் பண்ற வேலையை அவர்கிட்டயே விடுங்க, முடியலைன்னா ஆம்ப் மீட்டர் பார்க்கச் சொல்லுங்க. டேங்க் துடைக்கிறது அவர் வேலையா இருக்கட்டும். பின்னாடி உட்காரவச்சு, ஹெல்மெட் மாட்டி, அவர் வழக்கமா டீ குடிச்ச கடை வரைக்கும் கூட்டிட்டுப் போங்க. "கியரை அமுக்கி மாத்தாதே"ன்னு முதுகுக்குப் பின்னாடி இருந்து திட்டுவார். வாங்கிக்குங்க. இன்ஜின் சத்தம் மாறினா உங்களுக்கு முன்னாடி அவருக்குக் கேட்கும், அந்தக் காது உங்களுக்கு வேணும்.

கொடுத்துத்தான் ஆகணும்னா

வீட்ல இடம் இல்ல, ஓட்ட ஆள் இல்லைன்னா விக்கிறதுல பாவம் இல்ல. ஆனா பேர் மாறாம வண்டியை அனுப்பாதீங்க. ஆர்.சி.யில யார் பேர் இருக்கோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்புன்னு உச்ச நீதிமன்றம் 2018-ல தெளிவாச் சொல்லிடுச்சு. வாங்க வர்றவரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. கிக்கரை அவர் தொடற விதத்துலயே தெரிஞ்சிடும். அவருக்கு அந்த நோட்டையும் சேர்த்துக் கொடுங்க.

இந்த ஞாயித்துக்கிழமை பீரோவைத் திறந்து ஆர்.சி. யார் பேர்ல இருக்கு, எந்தத் தேதி வரைக்கும் செல்லும்னு மட்டும் பாருங்க தம்பி, தங்கச்சிகளா. தேதி முடிஞ்சிருந்தா திங்கட்கிழமையே ஆர்.டி.ஓ. ஆபீஸ் போயிட்டு வந்துடுங்க.